வெடியுப்புத் திராவகமும் தங்கவயலும்

தங்கச் சுரங்கம் என்றதும் பாறையின் இடுக்குகளில் மஞ்சள் கட்டிகள் பளபளப்பதாக எண்ணிக்கொள்வது மக்களின் இயல்பு. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் அப்படிக் கண்ணுக்குத் தங்கம் தென்பட்ட இடங்கள் குறைவு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சென்று அங்கே குடியேறிய நம்மவர், விளக்கொளியில் நாள்தோறும் பார்த்தது கருஞ்சாம்பல் நிறப் பாறையையும், அதனூடே ஓடும் படிகக்கல் ரேகையையுமே. ஒரு டன் பாறையை உடைத்து மேலே ஏற்றினால் அதில் தங்கம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை கிராம் என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. தரையின்மேல் ஒரு சிறு அறையில், கண்ணாடிக் குடுவைக்குள் கொதித்துக்கொண்டிருந்த ஒரு திராவகந்தான் அதைச் சொல்லிற்று. அத்திராவகத்தின் பெயர் நைட்ரிக் அமிலம். நம் நாட்டார் அதனை வெடியுப்புத் திராவகம் என்றனர்.

பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. மாட்டுத் தொழுவங்களிலும் பழஞ்சுவர்களின் அடியிலும் பூக்கும் வெடியுப்பை வேறு சில சரக்குகளோடு சேர்த்து வாலையிலிட்டுக் காய்ச்சினால், புகையும் நீர் ஒன்று இறங்கும். 1300ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் எழுந்த இலத்தீன் இரசவாத நூல்களில் இதைக் காய்ச்சும் முறை காணப்படுகிறது. அவர்கள் இதற்கு 'வலிய நீர்' என்று பொருள்படும் பெயரை இட்டார்கள். நம் நாட்டிலோ, திராவகமாக வடித்தெடுக்காமலே வெடியுப்பின் வலிமையைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அக்பரின் நாணயச்சாலையைப் பற்றி அபுல் பசல் விரிவாக எழுதியிருக்கிறார். தங்கத்தை மெல்லிய தகடுகளாக்கி, வெடியுப்பும் செங்கற்பொடியும் கலந்த பொடியில் அடுக்கடுக்காகப் புதைத்து, வரட்டித் தீயில் புடமிடுவார்களாம். வெளிவரும் ஆவி தகட்டிலுள்ள வெள்ளியை அரித்துப் பொடிக்குள் இழுத்துக்கொள்ளும். தங்கம் தகட்டில் தங்கும். பின்னாளில் குடுவையில் நடந்த வேலையும் ஏறத்தாழ இதுவே.

இந்த அமிலம் உலோகங்களிடம் நடந்துகொள்ளும் விதம் விந்தையானது. மற்ற அமிலங்களிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவதும் அவ்விதமே. கந்தக அமிலத்தை நீர்த்து அதில் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வாயு எழும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். துத்தநாகம் கரைகிறது, அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அதற்கு இடம்விட்டு வெளியேறுகிறது, கணக்கு அவ்வளவுதான். நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரஜன் வெளியேறுவது அருமை. உலோகத்தைத் தாக்கும்போது அமிலமே சிதைகிறது. அதிலுள்ள நைட்ரஜன் தன்னோடிருந்த பிராணவாயுவை இழந்து, வெவ்வேறு வாயுக்களாக வெளிப்படுகிறது. எந்த வாயு வரும் என்பது உலோகத்தின் இயல்பையும், அமிலம் எவ்வளவு செறிந்தது என்பதையும், அதன் சூட்டையும் பொறுத்தது. மக்னீசியம் போன்ற ஓரிரண்டு உலோகங்களே, மிகவும் நீர்த்த குளிர்ந்த அமிலத்தில் ஹைட்ரஜனை வெளிவிடும்.

ஒரு செப்புக் காசைச் செறிந்த அமிலத்தில் இட்டால், பாத்திரம் நிறையச் செம்பழுப்பு நிறப் புகை கிளம்பும். அது நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்னும் நச்சுவாயு. கரைசல் முதலில் பசுமையாக இருக்கும். நீர் சேர்த்ததும் மயில்கழுத்து நீலமாகிவிடும். அதே காசை நீர்த்த அமிலத்தில் இட்டால் வெளிவரும் வாயு நிறமற்றது. ஆயினும் அது குடுவையின் வாயில் காற்றைத் தொட்டவுடன் பழுப்பாகிறது. துத்தநாகத்தை மிகமிக நீர்த்த அமிலத்தில் இட்டாலோ வேடிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நைட்ரஜன் தன் பிராணவாயு முழுவதையும் இழந்து, ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு அம்மோனியாவாகவே மாறி, கரைசலில் உப்பாகத் தங்கிவிடும். நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு தேய்த்து முகர்ந்தால் மூக்கில் ஏறும் காரம் இந்த அம்மோனியாவுடையதே.

இரும்பின் கதை வேறு. நீர்த்த அமிலம் இரும்பைச் சீறிக்கொண்டு அரிக்கும். மிகச் செறிந்த அமிலத்தில் போட்டால் இரும்பு ஒன்றும் ஆகாமல் கிடக்கும்! எளியவரை அடிப்பவன் வலியவரைக் கண்டு அடங்குவதுண்டு. இங்கே அமிலத்தின் வலிமையே அதன் கையைக் கட்டிவிடுகிறது. செறிந்த அமிலம் இரும்பைத் தொட்ட கணத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் போர்வை ஒன்று படிகிறது. அதன்பின் அமிலம் உள்ளே நுழைய வழியில்லை. 1836இல் ஷேன்பைன் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் இதைக் குறித்து மைக்கேல் பாரடேக்கு எழுத, பாரடேயும் சோதித்துப் பார்த்து, இத்தகைய போர்வையே காரணமாக இருக்கலாம் என்று கருத்துரைத்தார். நம் சமையலறை அலுமினியமும் இவ்வாறே தன்னைக் காத்துக்கொள்கிறது. செறிந்த நைட்ரிக் அமிலத்தை அலுமினியத் தொட்டிகளில் ஏற்றிச் செல்வது அதனாலேதான்.

வெள்ளீயம் கரைவதற்குப் பதிலாக வெண்ணிறப் பொடியாக உதிர்ந்து அடியில் தங்கும். வெண்கலத்தைச் சோதிப்பவர்களுக்கு இது பேருதவி. செம்பு நீலக் கரைசலில் போய்விடும், வெள்ளீயத்தைப் பொடியாக வடிகட்டி, சுட்டு, நிறுத்துவிடலாம். காரீயம் முழுவதும் கரையும். பாதரசமும் கரையும். அது கரைவதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. 1896இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ரே, மிகுதியான பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ச்சியில் வைத்திருந்தபோது, எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் பொருள் என்று அவர் நிறுவினார். உலக இரசாயன அறிஞர்களிடையே அவர் பெயர் பரவியதற்கு அந்தப் படிகங்களே காரணம்.

வெள்ளியும் கரையும். அப்படிக் கரைந்தால் கரைசலுக்கு நிறமில்லை, தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். தங்கத்தைப் போட்டாலோ, அமிலம் கொதித்தாலும் ஒரு மாற்றமும் இல்லை. வெள்ளி போகும், தங்கம் நிற்கும் என்ற இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் பொன்னைச் சோதிக்கும் தொழில் பல நூற்றாண்டுகளாக நின்றுவருகிறது.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தங்கம் மிகுந்து வெள்ளி குறைந்த கலவையை அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையாது. கூட்டத்தின் நடுவே அகப்பட்டவனைப் போல, தங்க அணுக்களுக்கிடையில் வெள்ளி அணுக்கள் சிக்கிக் கிடக்கின்றன. அமிலம் அவற்றைச் சென்று சேர முடிவதில்லை. ஆகவே வெள்ளியைப் பிரிக்க வேண்டுமானால், முதலில் இன்னும் வெள்ளியைச் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். தங்கம் ஒரு பங்கும் வெள்ளி ஏறத்தாழ மூன்று பங்கும் இருக்குமாறு உருக்கிக்கொள்வார்கள். அதாவது மொத்தத்தில் தங்கம் கால் பங்கு. அப்போதுதான் அமிலத்துக்கு உள்ளே போக வழி கிடைக்கும். வெள்ளியை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்துவிட்டாலோ, அது போனபின் தங்கம் ஒன்றாக நிற்காமல் துகள் துகளாக உதிர்ந்து, கழுவும்போது நீரோடு போய்விடும். இந்தக் கால் பங்குக் கணக்கு நம் பத்தர்களுக்குப் பட்டறையிலே பழகிய கணக்கு.

இனி, சுரங்கத்தின் பரிசோதனை அறைக்குள் செல்வோம். சுரங்கத்தில் இன்ன இடத்தில் வெட்டிய பாறை என்று எழுதிய சீட்டுடன் ஒரு பை வரும். பாறையை மாவாக இடித்து, பலமுறை கலந்து பகுத்து, அதிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் எடுத்துக்கொள்வார்கள். அதனோடு மிருதாரசிங்கி, சோடா உப்பு, வெங்காரம், சிறிது மாவு அல்லது கரித்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் களிமண் மூசையிலிட்டு உலையில் வைப்பார்கள். மிருதாரசிங்கி என்பது காரீயத்தின் ஆக்ஸைடு. கரி அதன் பிராணவாயுவைப் பறிக்க, காரீயம் துளித்துளியாகப் பிறந்து, உருகிய பாறையின் ஊடே மழைபோல் இறங்கும்; இறங்கும் வழியில் உள்ள தங்கத்தையும் வெள்ளியையும் தன்னுள் வாங்கிக்கொண்டு அடியில் ஒரு குண்டாகச் சேரும். மேலே மிதப்பது கண்ணாடி போன்ற கசடு. ஆறியபின் மூசையை உடைத்துக் கசடைத் தட்டிவிட்டால் காரீயக் குண்டு கையில் வரும்.

அடுத்து அந்தக் குண்டை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் உலைக்குள் தள்ளுவார்கள். காற்றோட்டத்தில் காரீயம் மறுபடியும் ஆக்ஸைடாகி, கிண்ணத்தின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் திரியில் ஏறுவதுபோல் உறிஞ்சப்படும். கடைசித் துளிக் காரீயம் மறையும் வேளையில், மங்கலாகக் கிடந்த மணியின்மேல் வானவில் நிறங்கள் ஓடி, சட்டென்று ஒரு மின்னல் மின்னி, மணி தெளிந்து நிற்கும். நெடுநாள் அனுபவமுள்ள பரிசோதகர்கூட அந்தக் கணத்தைக் காணத் தவறமாட்டார் என்பர். பிரித்தற்குப் போதிய வெள்ளி பாறையில் இராதாகையால், முன்னமே அளந்து சேர்த்த வெள்ளியும் அந்த மணியில் கலந்திருக்கும்.

இப்போது அமிலத்தின் முறை. மணியைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, சூடான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். தொடக்கத்திலேயே வலிய அமிலத்தை விட்டால் வேகம் தாங்காமல் தகடு சிதறும். ஆகவே மெலிந்த அமிலம் முதலில், வலியது பின்பு. சிறு குமிழ்கள் எழும், பழுப்புப் புகை கிளம்பும், பிறகு அடங்கும். அடியில் மிஞ்சுவதைப் பார்த்தால் அதைத் தங்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கருத்த பழுப்பு நிறத்தில் ஒரு மாசு. அதைத் தூய நீரில் கழுவி, சிறு கிண்ணத்திலிட்டுச் செந்தழலாகக் காய்ச்சினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு மறைந்து பொன்மஞ்சள் ஏறும். தராசில் வைப்பது அதைத்தான்.

அமிலம் தூயதாக இருக்க வேண்டும் என்பது இங்கே உயிர்நிலை. அதில் சிறிதளவு குளோரைடு கலந்திருந்தாலும், கரைந்த வெள்ளி பால்போல் திரிந்து படிந்துவிடும். தங்கமும் ஒரு சிறு பகுதி கரைந்துபோகக் கூடும். ஆகவே ஒவ்வொரு புட்டி அமிலத்தையும் பயன்படுத்துமுன் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது பரிசோதகரின் வழக்கம். திரிந்தால் அந்தப் புட்டி ஆகாது.

கிடைக்கும் பொன்மணியின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தங்கவயலின் தொடக்க நாட்களில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேலும் தங்கம் கிடைத்தது. 30 கிராம் மாதிரியில் அது 1.2 மில்லிகிராம். சுரங்கத்தின் இறுதிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அப்போது அதே 30 கிராம் பாறையில் அமிலம் மிச்சம் வைத்தது 0.09 மில்லிகிராம். ஓர் எறும்பு சுமக்கும் அரிசிக் குறுநொய்யைவிடப் பன்மடங்கு எடை குறைந்த துகள் அது! பிரிட்டிஷ் டன்னைக் கணக்கில் கொண்ட பரிசோதகர்கள் இதற்கென்றே ஒரு சூழ்ச்சி வைத்திருந்தார்கள். பாறைமாவை 32.67 கிராம் நிறுத்து எடுத்தால், கிடைக்கும் மணி எத்தனை மில்லிகிராமோ, அத்தனை அவுன்சு தங்கம் ஒரு டன் பாறையில் இருக்கிறது என்று பொருள். பெருக்கல் வகுத்தல் ஒன்றும் வேண்டியதில்லை.

அந்தத் துகள்களின் எடையில்தான் ஓர் ஊரின் வாழ்வு நின்றது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் பெருகிய சுரங்கங்கள் மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என நான்காக நிலைத்தன. 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. எந்த இடத்தில் மேலும் வெட்டலாம், எந்த இடத்தைக் கைவிடலாம் என்பதைப் பரிசோதனை அறையிலிருந்து வந்த எண்களே தீர்மானித்தன. அந்த எண்களை இலண்டனில் பங்குதாரர்கள் படித்தார்கள். சுரங்கத்தினுள் வெட்டியவருக்கு அவை எட்டுவதில்லை. தங்கத்தை இவ்வளவு நுட்பமாகச் சோதித்த நிர்வாகம், தொழிலாளரையும் ஐயத்தோடுதான் நோக்கிற்று. 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு வேலை நின்றது. 120 ஆண்டுகளில் வெளிவந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். பாறையில் தங்கம் அடியோடு தீர்ந்து மூடவில்லை. வெட்டும் செலவுக்கு அமிலம் காட்டிய எடை ஈடுகொடுக்கவில்லை என்பதே மூடியதற்குக் காரணம்.

இந்த அமிலம் சுரங்கத்தின் ஒரு முனையில் மட்டும் இருந்ததன்று. கிளிசரினோடு நைட்ரிக் அமிலம் சேர்ந்தே நைட்ரோகிளிசரின் பிறக்கிறது; அதைக் கொண்டு ஆல்பிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பாறையைப் பிளந்த வெடிமருந்தும் இத்திராவகத்தின் பிள்ளையே என்க. வெடி சரியாக வெடிக்காமல் எரிந்துபோனால், செப்புக் காசிலிருந்து கிளம்பிய அதே பழுப்புப் புகை சுரங்கத்தின் குறுகிய பாதைகளில் நிறையும். வெடித்தபின் புகை அகலக் காத்திருந்துதான் உள்ளே போகவேண்டும் என்ற விதி இதற்காகத்தான். பாறைத்தூள் நுரையீரலை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறுக்கும். இந்த வாயுவோ வேறு விதமாக வஞ்சிக்கும். மூச்சில் இழுத்தவுடன் சிறிது இருமல், கண்ணெரிச்சல், அவ்வளவே இருக்கும். வீட்டுக்குப் போய் உணவருந்திப் படுத்தவருக்கு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஒரு நாள் கழித்தும் இது நேர்வதுண்டு.

இதனை இங்கே சற்று அழுத்திச் சொல்லக் காரணம், பட்டறைகள். மும்பையிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் நெருக்கமான சந்துகளில், ஜன்னல் இல்லாத மாடியறைகளில், பழைய நகைகளை உருக்கிச் சுத்தி செய்யும் தொழில் இன்றும் நடக்கிறது. நம் பிள்ளைகளும் அங்கே வேலைக்குச் சேர்கிறார்கள். பழுப்புப் புகையைக் கண்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். புகை இழுத்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அமிலத்தை எப்போதும் நீரில் விடவேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் விடலாகாது. தோலில் பட்டால் மஞ்சள் கறை விழும். உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

அமிலம் எடுத்துச் சென்ற வெள்ளி என்ன ஆகிறது? அதைப் பத்தர்கள் விடுவதில்லை. தெளிந்த கரைசலில் ஒரு செப்புத் தகட்டைத் தொங்கவிட்டால், செம்பு கரையக் கரைய வெள்ளி பாசிபோலத் தகட்டின்மேல் படரும். நிறமற்றிருந்த நீர் நீலமாகும். அதைச் சுரண்டி உருக்கினால் மறுபடியும் வெள்ளிக் கட்டி. கரைசலை அப்படியே வற்றவைத்தால் வெள்ளி நைட்ரேட்டுப் படிகம் கிடைக்கும். அது தோலில் பட்டு வெயில் படும்போது கருத்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. தேர்தல் நாளில் நம் விரலில் வைக்கும் அழியாத மையில் இருப்பது இதுதான். தங்கவயல் இருக்கும் அதே கன்னட நாட்டில், மைசூரிலுள்ள அரசாங்க வர்ணத் தொழிற்சாலை 1962ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து அதைத் தயாரித்து நாடு முழுவதற்கும் அனுப்பி வருகிறது.

தங்கம் எதற்கும் அசையாது என்று எண்ணிவிட வேண்டாம். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு கலந்தால் இராஜதிராவகம் ஆகிறது. தனித்தனியே இரண்டும் தங்கத்திடம் தோற்கும், சேர்ந்தால் வெல்லும். நைட்ரிக் அமிலம் தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து மிகமிகச் சிறு அளவில் அணுக்களைப் பெயர்க்க வல்லது. ஆனால் பெயர்ந்தவை அங்கே நிலைப்பதில்லை. குளோரைடு அருகிலிருந்தால் பெயர்ந்த ஒவ்வோர் அணுவையும் உடனே பற்றிக்கொண்டு கரைசலுக்குள் கொண்டுபோய்விடுகிறது, திரும்பிவர விடுவதில்லை. 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன; லவே, பிராங்க் என்ற இரு ஜெர்மானிய விஞ்ஞானிகளுடையவை. அவை அகப்பட்டால் உரியவர்களுக்கு ஆபத்து. அங்கிருந்த ஹெவசி என்ற இரசாயன அறிஞர் அவற்றை இராஜதிராவகத்தில் கரைத்துப் புட்டியில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டார். போர் முடியும்வரை புட்டி அங்கேயே இருந்தது. பிறகு அதிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து, மீண்டும் பதக்கங்களாக வார்த்துக் கொடுத்தார்கள்.

ஹெவசி நல்லதற்குச் செய்ததைத் தெருவில் சிலர் வஞ்சகத்துக்குச் செய்கிறார்கள். பகல் வேளையில் ஆடவர் இல்லாத வீடாகப் பார்த்து, "நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம், அம்மா" என்று வருவோர், தட்டில் வைத்திருக்கும் மஞ்சள் நீரில் சங்கிலியை முக்கி எடுப்பார்கள். நகை பளபளவென்று இருக்கும், எடை குறைந்திருக்கும். அந்த நீர் இராஜதிராவகமே. கரைந்த தங்கத்தை அவர்கள் பின்னர் படியவைத்து எடுத்துக்கொள்வார்கள். மொழி தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறிய வீடுகளே இவர்களுக்கு எளிதில் அகப்படுகின்றன. வாசலில் வருவோரிடம் நகையைக் கழற்றிக் கொடுக்காமலிருப்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.

வாங்கும் நகையின் தரத்துக்கோ இப்போது காப்பு உண்டு. 2021 ஜூன் முதல், குறிப்பிட்ட மாவட்டங்களில் விற்கும் தங்க நகைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயமாயிற்று. பின்னர் மாவட்டங்களின் எண்ணிக்கை கூடிற்று. 916 என்ற எண்ணுக்கு ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று பொருள். நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வது பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர். அதன் மாற்றும் ஏறக்குறைய இதுவே. 1918இல் பம்பாயிலும் அந்த நாணயம் அடிக்கப்பட்டது. முத்திரை நிலையங்களில் முதலில் எக்ஸ்-கதிர்க் கருவியால் நகையைப் பார்க்கிறார்கள். அது விரைவானது, நகைக்குச் சேதமில்லை. ஆனால் அக்கதிர் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. தடித்த பூச்சு அதை ஏமாற்றிவிடும். ஆகவே நகையிலிருந்து சிறு துணுக்கு வெட்டி, காரீயத்தோடு உருக்கி, வெள்ளி சேர்த்து, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து நிறுக்கும் பழைய முறையே கடைசித் தீர்ப்பாக இன்றும் இருக்கிறது. நுகர்வோர் தம் நகையைச் சிறு கட்டணத்துக்கு அங்கே கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார்.

தங்கவயலில் தங்கத்தைப் பெருமளவில் பிரித்தெடுக்க நைட்ரிக் அமிலம் பயன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் வேலை அளப்பதோடு சரி. பாறைமாவைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டு ஒரு பகுதித் தங்கத்தைப் பிடித்தார்கள். தப்பியதைச் சயனைடுக் கரைசலால் பிடித்தார்கள். 1887இல் கிளாஸ்கோ நகரில் காப்புரிமை பெற்ற முறை அது. கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தால் ஆகாததை, காற்று கலந்த மெலிந்த சயனைடு நீர் ஓசையின்றிச் செய்கிறது. வேலை முடிந்து ஒதுக்கிய மாவே ராபர்ட்சன்பேட்டையையும் மாரிகுப்பத்தையும் சுற்றி வெண்மஞ்சள் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு மேடுகள் என்று ஊரார் அழைக்கும் அவற்றில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கோடைக் காற்றில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படிகிறது. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோர் அந்த மேடுகளைக் கடந்தே போகிறார்கள்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பிலுள்ள 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. இத்தகைய பழைய மேடுகளில் இருப்பது டன்னுக்கு ஒரு கிராமோ அதற்கும் குறைவோதான் எனலாம். அரை கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 கிராம் மண்ணில் 0.015 மில்லிகிராம், நல்ல தராசிலும் அதை நம்பி நிறுக்க முடியாது. ஆகவே இக்காலப் பரிசோதகர் மணியிலுள்ள வெள்ளியை முதலில் நைட்ரிக் அமிலத்தால் கரைத்து, அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுத் தங்கத்தையும் அதே குழாயில் கரைத்துவிடுகிறார். அக்கரைசலைச் சுடரில் தூவி, தங்க அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்பதைக் கருவியில் படித்து, டன்னுக்கு இத்தனை கிராம் என்று எழுதிக்கொடுக்கிறார்.